பொம்மை செய்யத்தான்

கட்டைக்குள் நேராக இறங்கிக்கொண்டிருந்த ட்ரில் பிட் சட்டென்று ஒரு பக்கமாக நழுவியது. அவன் கையை எடுப்பதற்குள் கட்டையின் பக்கச் சுவரைப் பொத்துக்கொண்டு முனை வெளியே எட்டிப் பார்த்தது. மெஷினை நிறுத்திவிட்டுக் கட்டையைக் கையில் எடுத்தான். கருகிய வாசனை. தீக்குச்சித் தலை அளவுக்குத்தான் ஓட்டை. ஆனால் அந்த வழியாகப் புகை போகுமென்றால் அது புகைபிடிக்கிற பைப் இல்லை, வெறும் விறகு. ஏற்கெனவே கெட்டுப்போனவற்றோடு அதையும் ஜன்னலோரம் வைத்தான். கடல் கடந்து வருகிற ஏதோ புதரின் வேர்முண்டு அது. நெருப்பை உள்ளே வைத்துக்கொண்டும் எரியாத மரம். கையில் கிடைப்பதே குதிரைக்கொம்பு. அதைப் போய் இப்படிப் பாழாக்கிக்கொண்டிருக்கிறோமே என்று நினைத்தபோது அழுகைகூட வரவில்லை, கொட்டாவிதான் வந்தது.

அவன் பல்செட் செய்தவன். டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள், இவன் பல்லாக்கித் திருப்பி அனுப்புவான். யாருடைய முகமும் தெரியாது, வாய் மட்டும் தெரியும். கடைவாய்ப் பல்லைப் பார்த்தே ஆள் எந்தப் பக்கம் மெல்லுகிறவர் என்று சொல்லிவிடுவான். பிறகு பல்லை அச்சடிக்கிற மெஷின் வந்தது. முதலாளி நல்லவர், கையைப் பிடித்துக்கொண்டு வருத்தப்பட்டுத்தான் வேலையை விட்டு அனுப்பினார். அதற்குப் பிறகு ஏறி இறங்காத லேப் இல்லை. கடைசியில், பைப் பிடிக்கிற பழைய டாக்டர் ஒருவர் உடைந்த பைப்பைக் கொடுத்து, "இதுவும் வாயில வைக்கறதுதானப்பா, சரி பண்ணிக் குடு" என்று சிரித்தார். அவன் சரி பண்ணவில்லை, புதிதாகவே ஒன்று செய்து கொடுத்தான். பழைய பல் கருவிகள் இருந்ததால் வெளி உருவத்தைச் சீவி இழைப்பது அவனுக்கு விளையாட்டு மாதிரி. துளையும் அன்று எப்படியோ சரியாக அமைந்துவிட்டது. டாக்டர் அதைப் புகையிலைக் கடைக்காரரிடம் காட்ட, கடைக்காரர் ஆள் அனுப்பினார்.

"வேலை சுத்தமா இருக்கு. இதே மாதிரி அரை டஜன் கொண்டாங்க, கண்ணாடி அலமாரியில வைக்கறேன். ஆனா ஒண்ணு. துளை கோணலா இருந்தா என் கடைப் பக்கம் வராதீங்க."

துளைதான் எல்லாம். மேலிருந்து இறங்கும் குழியும் தண்டு வழியாக வரும் சன்னத் துளையும் சரியாகக் குழியின் அடியில் சந்திக்க வேண்டும். ஒரு மயிரிழை மேலே போனால் அடியில் ஈரம் தேங்கும், கீழே போனால் இழுக்க மூச்சு வராது. அதற்கென்று உருண்டை முனை வைத்த கருவிகள் உண்டு. படத்தில் பார்த்தான். விலையையும் பார்த்தான், உடனே பக்கத்தை மூடினான். ஹார்டுவேர் கடையில் வாங்கியது பேருக்குத்தான் எஃகு. வேர்மரத்தின் முடிச்சைக் கண்டதும் வாழைத்தண்டு மாதிரி வளைந்தது. தட்டை முனையைத் தானே சாணை பிடித்து உருட்டிப் பார்த்தான். ஒரு குழிக்கு உழைத்தது, அடுத்ததில் நீலம் பாரித்துச் செத்தது. பழைய இரும்புக் கடைகளில் துருவைக் கிளறிக்கொண்டு பாதி நாள் உட்கார்ந்திருப்பான். மேல் மாடிக்காரர், "பைப் வேலை செய்யறீங்களாமே, எங்க வீட்டுக் குழாய் ரெண்டு நாளா ஒழுகுது" என்று வந்து நின்றார். விளக்கம் சொல்லத் தெம்பில்லாமல் அவன் போய் வாஷர் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தான். மனைவிக்கு அன்று சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தவள். சிரித்து முடித்ததும் வீங்கிய பாதத்தைத் தானே பிடித்துவிட்டுக்கொண்டாள்.

இரும்புக் கடைக்காரர்தான் கடைசியில் சொன்னார், ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் இந்த மாதிரிச் சாமான்கள் இருக்கிறதென்று. "அந்தம்மா ஒரு மாதிரி. பிடிச்சா குடுப்பாங்க."

கதவைத் திறந்த அம்மாளுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். பின்னறைக்குக் கூட்டிப்போனாள். மேஜைமேல் ஒரு துணி விரித்திருந்தது. உருண்டை முனைப் பிட்டுகள் அளவு வாரியாக. கட்டையைக் கவ்விப் பிடிக்கும் தாடைகள். தண்டுத் துளைக்கென்றே நீண்ட மெல்லிய முனைகள். எல்லாவற்றிலும் எண்ணெய்ப் பூச்சு. படத்தில் பார்த்துவிட்டு மூடியது அத்தனையும் அங்கே கிடந்தது.

"எங்க வீட்டுக்காரர் பொழுதுபோக்குக்குப் பைப் செய்வார். செய்வார், அதுலயே பிடிப்பார்" என்றாள். "நாக்குல புண்ணுன்னாங்க. அப்புறம் நாக்கையே எடுத்துட்டாங்க. கடைசி வருஷம் பூரா, ஏதாவது வேணும்னா டம்ளர்ல கரண்டியால தட்டுவார். ரொம்ப நல்லாப் பாடறவர் தம்பி." பிறகு அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். "பைப் செய்யறேன்னு ரெண்டு பேர் வந்தாங்க. வாசலோட அனுப்பிட்டேன். நீங்க இதை வச்சு என்ன செய்யப் போறீங்க?"

அவனுக்கு நாக்கு புரண்டது. "பொம்மைம்மா" என்றான். "கொழந்தைங்களுக்கு மரப்பொம்மை."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே கேட்டது. அந்த அம்மாளின் முகம் மலர்ந்ததை அவன் பார்க்காமல் இருந்திருக்கலாம். பழைய இரும்பு விலைதான் கேட்டாள். அவளே ஒரு துணிப்பையில் ஒவ்வொன்றாகச் சுற்றி வைத்தாள். சின்னச் சாமான் இன்னும் எங்கேயோ கிடக்கிறது, தேடி எடுத்துத் தருகிறேன், வீடு எங்கே என்று கேட்டாள். பொய் சொல்லத் துணிந்தவன் அதிலும் ஒரு பொய் சொல்லியிருக்க வேண்டும். பழக்க தோஷம், சரியான விலாசத்தைச் சொல்லிவிட்டு வந்தான்.

அந்தக் கருவிகள் மரத்தில் இறங்கிய விதத்தை யாரிடம் சொல்லுவது! முனை முடிச்சுக்கு மிரளவில்லை, கருகவில்லை, செதில் செதிலாகத் தூளைத் தள்ளிவிட்டுக் குழியின் அடியை வழித்துவிட்டதுபோல் உருட்டி நிறுத்தியது. தண்டுத் துளை வந்து குழியின் அடியில் சேர்ந்தபோது வாயில் வைத்து ஊதினான். தடையே இல்லாமல் காற்று போனது. பல மாதங்களுக்குப் பிறகு சாப்பாடு ருசித்தது. ஆனால் கரண்டி டம்ளரில் பட்டால் போதும், கை அப்படியே நின்றுவிடும். மனைவி எவர்சில்வர் டம்ளர்களை ஏன் உள்ளே எடுத்து வைக்கச் சொல்கிறான் என்று கேட்டுப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

மெருகு மெழுகு வாங்கிக்கொண்டு ஒரு மத்தியானம் திரும்பி வந்தபோது வாசலில் தெரியாத செருப்பு கிடந்தது. அன்று மனைவிக்கு விடுமுறை. உள்ளே அவள் குரல் உற்சாகமாகக் கேட்டது.

"ஏங்க, யார் வந்திருக்காங்க பாருங்க! உங்களுக்கு டூல்ஸ் குடுத்தாங்களே, அந்த அம்மாவாம். நீங்க செஞ்சதெல்லாம் காட்டினேன்."

அந்த அம்மாள் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். எதிரே முடிந்த பைப்புகள் துணிமேல் வரிசையாக இருந்தன. ஒன்று அவள் கையில். அவள் சுண்டுவிரலைக் குழிக்குள் விட்டு அடியைத் தடவிப் பார்த்தாள். பிறகு வெளிச்சத்துக்கு நேரே தூக்கித் தண்டு வழியாகப் பார்த்தாள். எத்தனையோ தடவை செய்து பழகிய கை.

"துளை சரியா வந்து சேர்ந்திருக்கு" என்றாள். "அவருக்குக் கடைசி வரைக்கும் இது வரல."

பைப்பைத் துணிமேல் வைத்துவிட்டு எழுந்தாள். மனைவி காபி எடுத்துவரத் திரும்பியபோதே அந்த அம்மாள் வாசலுக்குப் போய்விட்டாள். நாற்காலியடியில் ஒரு காகிதப்பை நின்றது. மனைவி பிரித்துப் பார்த்தாள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று சின்னச் சின்னப் பெயிண்ட் டப்பாக்கள், இரண்டு பிரஷ்.

"இது எதுக்குங்க? பைப்புக்கு யாராவது பெயிண்ட் அடிப்பாங்களா?"

அவன் கருவிகளைக் கைக்கு வந்தபடி அள்ளித் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஓடினான்.

பஸ் நிறுத்தத்தில் அந்த அம்மாள் மட்டும்தான் இருந்தாள். பெஞ்சின் மறுகோடியில் பையை வைத்துவிட்டு மூச்சு வாங்க நின்றான்.

"எடுத்துக்கிட்டுப் போயிடுங்கம்மா. எல்லாம் இதுல இருக்கு."

"நான் வாங்கி என்ன செய்ய? மறுபடி அதே ரூம்ல வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கவா?" அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். "பக்கத்து வீட்ல சொன்னேன், என் தங்கச்சிகிட்ட சொன்னேன். அவரோட சாமான்ல ஒருத்தர் பொம்மை செய்யறார்னு. கோயில் குளம்னு போய்க்கூட அப்படி மனசு ஆறல தம்பி எனக்கு."

"பல்செட் செஞ்சுக்கிட்டு இருந்தேன்மா. அது போச்சு. இது ஒண்ணுதான் கைக்கு வந்துது. பொம்மையை யாரும் கேக்கலம்மா."

"கேக்க மாட்டாங்கதான்." சாலையைப் பார்த்தபடி சொன்னாள். "யார் பிடிப்பாங்க அதையெல்லாம்?"

"தெரியாதும்மா. கடையில குடுக்கறதோட சரி."

"அவங்க வீட்லயும் ஒருத்தி இருப்பா, இல்ல?"

இந்தக் கருவிகள் இல்லாவிட்டால் ஜன்னலோரத்துக் கட்டைகள்தான் மிச்சம். இவற்றோடு வீட்டுக்குப் போனாலோ, குழிக்குள் துழாவிய அந்தச் சுண்டுவிரல் ஒவ்வொரு கட்டையிலும் கூடவே வரும். இப்படியும் முடியாது, அப்படியும் முடியாது. எதையாவது சொல்லிவிட வேண்டும் என்று அவன் தொண்டையைச் செருமியபோது பஸ் வந்துவிட்டது.

அவள் கம்பியைப் பிடித்து ஏறினாள். முட்டி மடங்க ஒரு கணம் தடுமாறியபோது அவன் கை தானாக நீண்டது; அதற்குள் உள்ளே போய்விட்டாள். பையை எடுத்துப் படியில் வைத்துவிடலாமா என்று நினைத்தான். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "ஏறறீங்களா, இல்லையா?" என்றார். அவன் தலையை ஆட்டினான். எதற்கு ஆட்டினான் என்று அவனுக்கே தெரியவில்லை. கதவு மூடிக்கொண்டது. அவள் அந்தப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்திருக்க வேண்டும், இந்தப் பக்கம் தெரியவில்லை.

காய்கறிக் கூடையோடு வந்த பெண் ஒருத்தி பெஞ்சில் இடம் தேடினாள். துணிப்பையைக் கொஞ்சம் நகர்த்தப் பார்த்து, கனம் தாங்காமல் விட்டாள்.

"இது உங்களுதாங்க?"

பையின் நைந்த அடியைக் குத்திக்கொண்டு மெல்லிய முனை ஒன்று வெளியே நீட்டியிருந்தது. எண்ணெய் துணியில் வட்டமாக ஊறிப் பரவிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் கூடையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, அவன் சொல்லட்டும் என்று நின்றாள்.