எரியாத இடது கண்

இடது கண் எரியவில்லை, விரலால் அழுத்தினால் எரிகிறது, விரலை எடுத்தால் அணைந்துவிடுகிறது, காகிதக்கூழில் செய்த பேய்த்தலை சாப்பாட்டு மேசையின் மேல் உட்கார்ந்து ஒற்றைச் சிவப்புக் கண்ணால் என்னை வெறிக்கிறது, வலது கண் அதன் பாட்டுக்கு மினுங்குகிறது, யாராவது கிட்டே வந்தால் சிரிக்கட்டும் என்று ஒரு பழைய பொம்மையின் வயிற்றிலிருந்து பிடுங்கி வைத்த சிரிப்பும் ஒழுங்காக வருகிறது, நான் தண்ணீர் குடிக்க எழுந்தாலும் சிரிக்கிறது, குடித்துவிட்டுத் திரும்பினாலும் சிரிக்கிறது, ஒங்களப் பாத்துச் சிரிக்க வீட்ல ஏற்கெனவே ஆள் இருக்கே, இது வேறயா, என்று அடுப்படியிலிருந்து கேட்கிறாள் என் மனைவி செல்வக்கனி, இருபத்தெட்டு வருஷம் மின்னணுச் சாமான் செய்கிற கம்பெனியில் மற்றவர்கள் கம்பிக்கு வைத்த ஈயப் பற்றில் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவன் நான், எனக்கு இரண்டு விளக்கில் ஒன்று எரியவில்லை. ஏரியைத் தூர்த்துக் கட்டிவிட்டு ஏரிக்காட்சி என்று பெயர் வைத்த நானூறு வீட்டுக் குடியிருப்பு எங்களுடையது, சென்னைக்குத் தெற்கே, அதற்குத் தலைவர் கஜபதி, இருபத்திரண்டு நாடு பார்த்தவர், பார்த்ததை ஒவ்வொரு கூட்டத்திலும் வரிசை பிசகாமல் ஒப்பிப்பவர், ஐப்பசி மழையில் ஹாலோவீன் கொண்டாடி வேஷத்துக்குப் பரிசு கொடுப்பதற்குப் பதினான்கு விதி எழுதி எல்லோர் கைப்பேசிக்கும் அனுப்பியிருக்கிறார், ஆறாம் விதி, அச்சம் மிதமானதாக இருக்க வேண்டும், ஒன்பதாம் விதி, குடைந்தெடுத்த பரங்கிச் சோற்றை லிஃப்டில் கொண்டுவரக் கூடாது, போன வருஷம் என் வாசலில் மீசை வரைந்து தொங்கிய திருஷ்டிப் பூசணியைப் பட்டிக்காட்டுத்தனம் என்று அவிழ்க்கச் சொன்னவரும் இவர்தான், இந்த வருஷம் பரங்கிக்காய்க்குப் பல் வெட்டச் சொல்கிறவரும் இவர்தான், காலையில் முன்னோட்டம் பார்க்க வந்து என் தலையைச் சுற்றி நடந்தார், அதாவது நான் செய்த தலையை, அது சிரித்தது, ரொம்ப லோக்கலா இருக்கே சார், நம்ம தீம் இன்டர்நேஷனல், என்றார், வெளிநாட்டுப் பேய்தான் சார், இங்க வந்து வெயில்ல கறுத்துப்போச்சு, என்றேன், மிதமாக அச்சப்பட்டுக் கிளம்பினார். அவர் சொன்னதில் பொய்யில்லை, எந்தப் பேயைச் செய்ய உட்கார்ந்தாலும் என் கைக்கு ஒரு முகம்தான் வருகிறது, அகன்ற கண், தொங்கும் நாக்கு, பக்கத்துக்கு ஒரு பல், பதினைந்து வயதில் கை பழகிய முகம்.

அழுத்தினால் எரிகிறது, அன்றைக்கும் அழுத்தியிருந்தால் எரிந்திருக்கும், ஆனால் காளியின் கண்ணில் யார் விரலை வைப்பது, உடன்குடியில் எங்கள் தெருவில் புரட்டாசி வெயில் அடிக்கிறது, எண்பத்தொன்பதாம் வருஷம், சுயம்பு அண்ணன் குலசை முத்தாரம்மன் தசராவுக்குக் காளி வேஷம் கட்டியிருக்கிறான், என்னைவிட நான்கு வயது மூத்தவன், பத்தொன்பது வயதுக் காளி, அம்மாவுக்கு வயிற்றில் கட்டி, திருநெல்வேலியில் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடி அனுப்பிவிட்டார்கள், டாக்டர் கைவிட்டால் ஆத்தா பார்ப்பாள் என்று அண்ணன் மாலை போட்டான், நாற்பத்தொரு நாள் விரதம், ஒருவேளைச் சோறு, பாயில்லாத தரை, மீன் வாசம் வருகிற தெருவைக்கூடச் சுற்றிப்போவான், வேஷம் கட்டிவிட்டால் அவன் சுயம்பு இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, அப்பாவே காலில் விழுவார், நான் மட்டும் விழவில்லை, நான் அறிவியல், பத்தாம் வகுப்பில் மின்னோட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு, காளிக்குக் கண் எரியவேண்டும் என்று சொன்னதே நான்தான், இரண்டு டார்ச் பல்புக்குச் சித்தியின் நகப்பூச்சைச் சிவப்பாகத் தடவி, மகுடத்து முகமூடியின் கண்களில் பொருத்தி, நான்கு பேட்டரியை அண்ணன் இடுப்பில் கட்டி, பற்றுக்கோல் வாங்க வழியில்லாமல் திருப்புளியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி ஈயம் வைத்தேன், பக்க இணைப்புதான் கொடுத்தேன், ஒன்று போனாலும் மற்றது எரியட்டும் என்ற முன்யோசனை, அந்த முன்யோசனைதான் எல்லாவற்றையும் கெடுத்தது, தொடர் இணைப்பாக இருந்திருந்தால் இரண்டும் சேர்ந்து அணைந்திருக்கும், பேட்டரி போச்சு என்று ஊர் போய்க்கொண்டிருக்கும். கடைத்தெரு முழுக்க அண்ணன் காணிக்கை உண்டியலோடு கண்கள் எரிய எரிய நடந்தான், கரண்டுக் காளி வாராடோய் என்று பிள்ளைகள் முன்னால் ஓடின, யாரு செஞ்சது, யாரு செஞ்சது, என்று கேட்பது காதில் விழுந்துகொண்டே இருந்தது, ஐயாதான் என்று நானும் மேளத்துக்குப் பக்கத்தில் நடந்தேன், சாயங்காலம் நான்கு மணிக்கு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தோம், அம்மாவைக் கட்டிலோடு தூக்கி வெளியே வைத்திருந்தார்கள், அவள் கைகூப்பி நிமிர்ந்து தன் மகனை, இல்லை, தன் தாயைப் பார்த்த அந்த நேரத்தில் இடது கண் ஒருமுறை மினுங்கி அணைந்தது, மேளம் நிற்கவில்லை, அண்ணன் நின்றுவிட்டான், அவன் வெளியே பார்க்க ஒவ்வொரு பல்புக்கும் கீழே ஓட்டை போட்டு வைத்திருந்தேன், வலது ஓட்டை சிவப்பாகவும் இடது ஓட்டை இருட்டாகவும் அவனுக்குத் தெரிந்திருக்கும், அந்த இருட்டு வழியாக அம்மா வாய் அசைவதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உடம்பு குலுங்குவதும் தெரிந்திருக்கும், கார்த்திகையில் அம்மா போய்விட்டாள். பதினாறாம் நாள் கழிந்து கிணற்றடியில் அண்ணன் என்னிடம் சொன்னான், ஏலே, நான்தாம்ல கொன்னுட்டேன், முப்பதாம் நாளு கூட்டாளி வீட்ல ஒரு துண்டு கருவாடு எடுத்து வாயில போட்டுட்டேன், நெத்திலிக் கருவாடு, வாசம் பொறுக்கல, அதாம்ல ஆத்தா கண்ண மூடிட்டா. நான் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும், வேஷம் கலைத்த அன்றைக்கே மகுடத்தைப் பிரித்துப் பார்த்தவன் நான், ஈயம் பளபளக்கவில்லை, சாம்பல் நிறத்தில் உருண்டிருந்தது, தொட்டதும் கம்பி கையோடு வந்துவிட்டது, சூடு பத்தாமல் வைத்த பற்று, யாரும் பார்க்குமுன் மறுபடி காய்ச்சி ஒழுங்காக வைத்துவிட்டேன், தலைமையாசிரியர் காலைக் கூட்டத்தில் என்னை எழுப்பிவிட்டு வருங்கால எஞ்சினியர் என்று சொல்லியிருந்தார், எஞ்சினியர் வைத்த பற்று விட்டுப்போகுமா, ஆத்தாதான் மூடியிருப்பாள், நான் பேசாமல் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் அன்றோடு மீனை விட்டான், கடலுக்கு நடந்துபோகிற தூரத்தில் பிறந்தவன், முப்பத்தாறு வருஷமாகக் கத்தரிக்காய் தின்கிறான், கல்யாண வீட்டில் சிரிக்கிறார்கள், சீக்கா என்று கேட்கிறார்கள், வேண்டுதல் என்கிறான், நானோ கஜபதி மாதிரி ஊதின பலூன்களுக்கு ஊசி எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் அலைகிறேன், என் பலூனைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு.

மத்தியானம் அண்ணன் வந்தான், மகள் கல்யாணப் பத்திரிகையோடும் ஒரு பெட்டி கருப்பட்டியோடும், மழையில் நனைந்து, செல்வக்கனி பொரித்துவைத்த வஞ்சிரத்தைத் தட்டால் மூடிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் தள்ளினாள், அத்தானுக்குக் கத்தரிக்கா வச்சிருக்கேன், என்றாள், கத்தரிக்கா இல்லாம நீ என்னைக்கும்மா எனக்குச் சோறு போட்ட, என்று சிரித்துக்கொண்டே சாப்பிட்டான், பிறகு தலையைப் பார்த்தான், தலை அவனைப் பார்த்துச் சிரித்தது, என்னலே இது, நம்ம ஊர்க்காரி மாதிரி இருக்கா, என்றான், இன்றைக்கு இந்தக் குடியிருப்பில் பேய்த் திருவிழா, வேஷம் கட்டி வீடு வீடாகப் போனால் மிட்டாய் தருவார்கள் என்றேன், அவனுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை, காணிக்கை எடுக்கத்தான, உண்டியல் எங்க இருக்கு, என்று கேட்டான், எனக்குக் கழுத்தெலும்பு தேய்ந்திருக்கிறது, நான்கு கிலோவைச் சுமக்க முடியாது, கொண்டா, என்று அவனே எடுத்துத் தலையில் வைத்தான், ஐம்பத்தைந்து வயதில் அந்தத் தோள் அப்படியே நிமிர்ந்தது, பொத்தானை அழுத்தினேன், வலது கண் மட்டும் எரிந்தது. அவன் அசையவில்லை, இரண்டு கையாலும் மெதுவாகத் தலையைக் கழற்றி மேசையில் வைத்தான், முகம் வெளுத்திருந்தது, இந்தக் கல்யாணம் நல்லபடியா முடியணும்லே, என்றான், அவன் கல்யாணப் பத்திரிகையைத் தலைக்குப் பக்கத்திலிருந்து எடுத்துத் தூர வைப்பதைப் பார்த்தேன். மேசை மேல் தலை சிரித்தது. நான் அதைக் கவிழ்த்து, உள்ளே கையை விட்டு, கம்பியைப் பிடித்து இழுத்தேன், வந்துவிட்டது, அவன் உள்ளங்கையில் வைத்தேன், பாரு, சாம்பலா இருக்கா, நல்ல ஈயப் பத்துன்னா கண்ணாடி மாதிரி மின்னும், இது சூடு பத்தல, என் கண்ணுக்கு வெள்ளெழுத்து, பாக்காம வச்சிட்டேன், அன்னைக்கும் இதுதாம்ணே, அன்னைக்கு எனக்குத் திமிரு, பாத்தும் சொல்லல. எதச் சொல்லல, என்றான். ஆத்தா மூடலண்ணே, என் பத்து விட்டுப்போச்சு. எப்பலேருந்து தெரியும். அன்னைக்கே. செல்வக்கனி அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றாள், அண்ணன் அந்தக் கம்பியை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தான், அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருக்கலாம், சாளை, என்றான், எனக்குப் புரியவில்லை, சாளை, ஊளி, நெத்திலி, பாறை, ஒரு மீனத் தொடாம முப்பத்தாறு வருஷம்லே, எம் பொண்டாட்டி எனக்காகத் தனிச்சட்டி வச்சே சலிச்சுப்போனா, கருவாடு தின்னது தின்னதுதான், அதுக்குத் தண்டனை உண்டு, இல்லங்கல, ஆனா ஒரு துண்டுக்கு இவ்வளவால, குரல் அங்கே உடைந்தது, மேசை மேல் கவிழ்ந்து கிடந்த தலை அப்போதும் சிரித்தது, அதற்கு நேரம் காலம் தெரியாது. இன்னொன்றும் என்னிடம் மிச்சம் இருந்தது, மேளச் சத்தத்தில் அவன் காதில் விழாதது, கட்டில் பக்கம் நின்ற எனக்கு மட்டும் கேட்டது, அம்மா அன்னைக்கு அழலண்ணே, சிரிச்சா, பாருங்கடே, ஆத்தா எனக்குக் கண்ணடிக்கா, அப்படின்னா, சொல்லிட்டு முந்தானைய வாயில வச்சுக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சா, வயிறு வலிக்குதுன்னு வேற சொன்னா. அண்ணன் என்னையே பார்த்தான், அம்மாவா, என்றான், அம்மாதான், என்றேன், அவ சொல்லுவா, என்றான், மெல்ல அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது, அழுகிறானா சிரிக்கிறானா என்று அவனைப் பெற்றவளைப் போலவே அவனிடமும் கண்டுபிடிக்க முடியவில்லை, பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தான், ஏம்மா, நான் வரும்போது தட்டப் போட்டு மூடி உள்ள தள்ளுனியே, அது என்ன மீனு, என்றான்.

பற்றுக்கோல் சூடாகிவிட்டது, ஒரு நிமிஷம் இருண்ணே, ஒழுங்கா வச்சுத் தாரேன், என்கிறேன், வேண்டாம்லே, கம்பிய மட்டும் சொருகி விடு, நான் பாத்துக்கிடுதேன், என்கிறான், வலது கையில் வஞ்சிரத் துண்டு, இடது கை ஆட்காட்டி விரல் இடது கண்ணில், தலையை மாட்டிக்கொண்டு அப்படியே படியிறங்கிப் போகிறான், மழை விட்ட முற்றத்தில் நானூறு வீட்டுப் பிள்ளைகளும் எலும்புக்கூடும் சூனியக்காரியுமாக நிற்கிறார்கள், புழுக்கத்தில் கறுப்புப் போர்வை போர்த்தி இரத்தக்காட்டேரியாக வேர்த்துக்கொண்டிருக்கிற கஜபதி மதிப்பெண் அட்டையோடு முன்னால் வருகிறார், சார், ஒரு கண்ணு வேலை செய்யலையா, டெக்னிகல் ஃபால்ட்டா, என்று என்னைக் கேட்கிறார், ஆமா சார், என்னோடதுதான், என்கிறேன், எவ்வளவு சுலபமாக வருகிறது, அதற்குள் அண்ணன் அவருக்கு நேராக வந்து நிற்கிறான், தலை சிரிக்கிறது, விரலை எடுக்கிறான், வைக்கிறான், எடுக்கிறான், இடது கண் அணைந்து எரிகிறது, கஜபதி ஓரடி பின்னால் போகிறார், ஆறாம் விதிக்கு இது உட்பட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை, பிள்ளைகள், ஐயோ, பேய் கண்ணடிக்குது, கண்ணடிக்குது, என்று கத்திக்கொண்டு அண்ணன் பின்னாலேயே ஓடுகின்றன, மேளம்தான் இல்லை, அவன் திரும்புகிறான், மீன் முள்ளைப் பேயின் வாய் வழியாக எடுத்து உள்ளங்கையில் பத்திரமாக வைத்துக்கொள்கிறான், என்னைப் பார்த்து நிமிர்கிறான், கூப்பிக்கொள்ளாமல் இருக்க என் கைகளுக்குத் தெரியவில்லை, விரலை எடுக்கிறான்.