மூக்குக்குப் பாரம்

கருமாதிக்கு முதல் நாள் கூரியர்காரன் வந்து என் வீட்டுக்காரர் ஹரிதாஸைக் கேட்டான். இல்லை என்றேன். எப்போது வருவார் என்றான். நானே கையெழுத்துப் போட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

உள்ளே அவருடைய அண்ணன் சாம்பசிவம் மாமா சாமான்களை ஒழித்துக்கொண்டிருந்தார். கோலா தெர்லா தோட்டங்களில் முட்டைக்கோஸ் ஏற்றுகிற லாரியோடு வந்திருந்தார். செத்தவர் கை பட்ட எதுவும் கருமாதிக்குப் பிறகு வீட்டில் இருக்கக்கூடாது என்பது அவர்கள் குடும்ப வழக்கம். சட்டைகள், ரப்பர் பூட்ஸ், கடைசியாக அலமாரி மேலிருந்த பிளாஸ்டிக் விமானங்கள். எல்லாம் அவர் உட்கார்ந்து ஒட்டிச் சாயம் பூசியவை. தேயிலை ஃபேக்டரியில் இலை உலர்த்தும் டிரையரைப் பார்த்துக்கொண்டவர். தோட்டத்து லைன் வீட்டு ஈரத்தில் சாயம் காயாது என்று இறக்கைகளைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு அங்கே கொண்டுபோய்க் காயவைப்பார். அந்த டப்பாவில் சோறு போன நாளைவிட இறக்கை போன நாள்தான் அதிகம். எத்தனை திட்டு திட்டியிருப்பேன்! இப்போது அவை மூட்டையில் போகும்போது வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. பசியும் இல்லை, அழுகையும் இல்லை. மரத்துப்போயிருந்தேன். கல்நெஞ்சுக்காரி என்று லைனில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும்.

"அது என்னம்மா பெட்டி?"

"பிளேன், மாமா. அவரு ஆர்டர் போட்டது. இப்பதான் வந்துச்சு."

மாமா திருப்பித் திருப்பிப் பார்த்தார். டேப் பிரியவில்லை. மேலே இரட்டை வால் வைத்த விமானத்தின் படம். வாம்பயர் என்று பெயர். வெள்ளைக்காரன் ஆரம்பத்தில் செய்த ஜெட் சண்டை விமானம்.

"இதுல தம்பி கை படலையே. இருந்துட்டுப் போவட்டும்லா."

இத்தனை வருஷம் கூட வாழ்ந்ததற்கு எனக்கு மிஞ்சியது அவர் தொடாத ஒரு பெட்டி. நல்ல நியாயம்.

மறுநாள் தாலியைக் கழற்றிப் பாலில் போட்டார்கள். அப்போதும் கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கிளம்பும்போது மாமா மெதுவாகச் சொன்னார்.

"தாலியும் அவன் கட்டுனதுதானம்மா. திங்கக்கெழம வரேன். தானா ராத்தா டவுன் நகைக்கடையில குடுத்து வேற ஏதாச்சும் மாத்திக்கலாம்."

தலையாட்டினேன். ஆனால் அதைக் கொடுக்க எனக்கு மனசில்லை. அது ஒன்றுதான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் பெட்டியைப் பிரித்தேன். தாளில் இருந்த படத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டினேன். கோந்து விரலெல்லாம் அப்பியது. விமானத்தின் உடம்பு இரண்டு பாதி. மூடுவதற்கு முன்னால் மூக்குக்குள் எதையோ வைக்கச் சொல்லி அம்புக்குறி போட்டிருந்தது. அது எனக்குத் தெரியும். முன்பு ஒரு ஜெட் செய்தபோது தூண்டில் ஈயத்தை உள்ளே வைத்துக்கொண்டே அவர் சொன்னார்.

"மூக்குல பாரம் வெக்கலேன்னா பின்னால சாஞ்சுரும் புள்ள. நிக்காது."

அந்த ஈயமும் மூட்டையோடு போய்விட்டது. சாமி மாடத்துக் கிண்ணத்தில் கழுவி வைத்திருந்த தாலியை எடுத்தேன். பொட்டையும் குண்டுகளையும் மூக்குக்குள் வைத்து, கோந்தை ஊற்றி, இரண்டு பாதியையும் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டேன். ரைஸ் குக்கர் மூடிமேல் காயவைத்தேன். ஃபேக்டரிக்கு நான் எங்கே போவது?

திங்கட்கிழமை மாமா வந்தபோது விமானம் மேசைமேல் மூன்று சக்கரத்தில் நின்றுகொண்டிருந்தது.

"தாலி எங்கம்மா? கெளம்பலாமா?"

"பத்திரமா இருக்கு மாமா. நான் கடைக்கு வரல."

அவர் விமானத்தைக் கையில் எடுத்தார். "கோணலா ஒட்டியிருக்க. என்னம்மா, மூக்கு இவ்ளோ கனமா இருக்கு?"

"பாரம் வெக்கணும் மாமா. இல்லேன்னா நிக்காது."

மாமா விமானத்தைப் பார்த்தார். சாமி மாடத்தில் காலியாக இருந்த கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு விமானத்தைக் கொண்டுபோய் அலமாரி மேல், பழைய இடத்தில் வைத்துவிட்டு லாரிச் சாவியை எடுத்தார்.

"சாப்ட்டுட்டுப் போங்க மாமா," என்றேன். "எனக்கும் பசிக்குது."