ஜோயா தைத்த கழுத்துப் பட்டி

திங்கட்கிழமை தபாலில் வந்த பொட்டலத்தின்மேல் என் அக்கா ஜோயாவின் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவள் வீடு இதே சலோனிக்கா நகரத்தில் நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறது. நாலு தெருவுக்குத் தபால் அனுப்புகிற திமிரை என்னவென்று சொல்வது!

உள்ளே ஒரு கழுத்துப் பட்டி இருந்தது. என் மகன் மென்டெஷுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். அவனுடைய ஜெபச் சால்வையில், கழுத்தைச் சுற்றி வருகிற இடத்தில் தைப்பதற்கு. கூடவே ஒரு சீட்டு: 'பையனுக்கு. அம்மாவோட துணி. பிடிக்கலேன்னா திருப்பி அனுப்பிடு.'

எங்கள் சண்டையே அம்மாவின் துணிக்காகத்தான். அம்மா போனபோது இரண்டு வெள்ளை மேஜை விரிப்புகள் மிஞ்சின. வெள்ளி மாலை தொடங்குகிற ஓய்வு நாளான சப்பாத்துக்குப் பருத்தி விரிப்பு, பஸ்கா பண்டிகைக்கு லினன் விரிப்பு. சின்ன வயதில் வெள்ளிக்கிழமைச் சாப்பாடு முடிவதற்குள் நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பருத்தி விரிப்பில் கன்னத்தை வைத்துத் தூங்கிவிடுவோம். எனக்கு லினன் போதும் என்றேன். ஜோயா இரண்டையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். துக்கத்துக்கு வந்தவர்கள் முன்னால் நான் கத்திய கத்தலில் ஊரே சிரித்தது. இப்போது அவளே அதில் ஒன்றைக் கத்தரித்திருக்கிறாள்.

வேலையைச் சொல்ல வேண்டும். அட்டையில் பூவை வெட்டி, அதன்மேல் தங்க நூலைக் கிடத்தி, அடியிலிருந்து மெல்லிய நூலால் பிடித்துத் தைத்திருந்தாள். பன்னிரண்டு வாதுமைப் பூக்கள். ஒரே அச்சில் பன்னிரண்டையும் வெட்டினால் வேலை சுலபம். அவளுக்குச் சுலபம் எப்போது பிடித்தது? ஒன்று மொட்டு, ஒன்று பாதி விரிந்தது, ஒன்று காற்றில் இதழ் போனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்க வெளிறிய பழுப்புப் புள்ளிகள். ஊசி குத்திய ரத்தத்தை அலசியிருக்கிறாள். இத்தனை குத்தா, என்ன கவனக்குறைவு என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் கையில் துணியின் குளிர்ச்சி தட்டியது. ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி இழுத்து அறுத்தேன். பருத்தி என்றால் அறுந்த நுனி பஞ்சாகப் பிரியும். இது கூராக நின்றது. லினன்.

மூன்று மாதமாக நான் தைத்து வைத்திருந்த சால்வையோ கம்பளி. கம்பளியையும் லினனையும் ஒரே உடுப்பில் சேர்க்கக் கூடாது என்பது எங்கள் யூத வேதமான தோராவின் கட்டளை. சேர்த்துத் தைத்தால் அதை எங்கள் ஆள் யாரும் தோளில் போட முடியாது. ஊசியில் நூல் கோக்கப் பழகும்போதே எங்களுக்கு இதைச் சொல்லிவிடுவார்கள்.

"வேணும்னே பண்ணியிருக்கா!" என்றேன்.

என் வீட்டுக்காரர் பெப்போ செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சால்வை வைக்கிற பைமேல தச்சுடேன். விஷயம் முடிஞ்சுது."

"கழுத்துக்குன்னு தச்சதப் பையில தச்சா அவ மூஞ்சில அடிச்ச மாதிரி ஆகாதா?"

"அடிக்கத்தானே இப்ப கெளம்புற?"

ஆமாம், அதற்குத்தான் கிளம்பினேன்.

ஜோயா கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கெழவி ஆயிட்டியேடி வீதா."

"உன்னைவிட நாலு வயசு கம்மிதான்."

"உக்காரு. காபி போடறேன்."

அடுப்பில் பொங்கிவந்த காபிக் குவளையைக் கைப்பிடியில் பிடிக்காமல் அதன் வயிற்றையே வெறுங்கையால் பிடித்துத் தூக்கினாள். கொதிக்கிற செம்பு! "ஐயோ, கை!" என்று கத்தினேன். அவள் சாவகாசமாக இரண்டு கோப்பையிலும் ஊற்றிவிட்டுத்தான் குவளையைக் கீழே வைத்தாள். உள்ளங்கை சிவந்திருந்தது. விரல் நுனிகளில் எத்தனை ஊசிக் காயங்கள்!

"சர்க்கரை வியாதிடி. விரல்ல உணர்ச்சி இல்லயாம், இனிமே ஊசியத் தொடாதேங்கறான் அந்த டாக்டர்." என் வாயையே பார்த்தாள். "நாப்பது வருஷம் தச்ச கை. நீயே சொல்லு, அந்தப் பட்டி உணர்ச்சி செத்த கை தச்சதா? ஒரே ஒரு தப்பு இருந்தாலும் சொல்லு, இன்னிக்கே ஊசிப் பெட்டிய மூடிடறேன். நீ சொன்னா நம்புவேன்."

வழியெல்லாம் சேர்த்துவைத்த வசவு எங்கே போனதோ.

"ஒரு தப்பும் இல்லக்கா," என்றேன். "பூவெல்லாம் உயிரோட இருக்கு."

அவள் முகம் மலர்ந்தது. உள்ளே போய் ஒரு துணி மூட்டையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"சால்வை கம்பளியாச்சேன்னு பாத்துப் பாத்து சப்பாத்துப் பருத்தியத்தான் கத்தரிச்சேன். பஸ்கா லினன்மேல கை வைக்கல. அது உன்னோடது. எடுத்துட்டுப் போ. அன்னிக்கு நான் அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது."

மூட்டைக்குள் கையை விட்டேன். மெத்தென்று, வெதுவெதுப்பாக இருந்தது. பருத்தி. எது எதுவென்று அவள் விரலுக்குத் தெரியவில்லை. "தேங்க்ஸ்க்கா," என்று சொல்லிவிட்டு வாரி அணைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்த விரிப்பை மேஜையில் பரப்பினேன். ஒயின் கறை படிந்த மூலையை ஒதுக்கினாலும் ஒரு சால்வைக்குத் தாராளமாகத் துணி இருந்தது. பருத்தியோடு லினன் சேரலாம், தடையில்லை. கத்தரியை வைத்தேன். ஐந்து நாளில் ஓரம் மடித்து, நீலக் கோடுகள் இழுத்து, நாலு மூலைக்கும் ஒட்டுப் போட்டு, கடைசியில் ஜோயாவின் பட்டியை வைத்துத் தைத்தேன். சால்வையின் மூலைகளில் கட்டுகிற குஞ்சமும் கம்பளியாக இருக்கக் கூடாது என்பதால் ஜெபக்கூடத்திலிருந்து பருத்தி நூல் வாங்கிவந்து, பெப்போ முடிச்சுகளின் எண்ணிக்கை தப்பித் தப்பிக் குஞ்சம் கட்டினார். என் மூன்று மாதக் கம்பளிச் சால்வை அவருக்கே போனது. மனுஷனுக்கு வாயெல்லாம் பல்.

ஞாயிற்றுக்கிழமை மணமக்கள் இருவர் தலைமேலும் அந்தச் சால்வையைச் சேர்த்து விரித்தார்கள். எல்லாம் முடிந்ததும் ஜோயா மென்டெஷை முத்தமிடப் போனாள். அவன் தோளில் கன்னத்தை வைத்தவள் எடுக்கவில்லை. முத்தத்துக்கு அவ்வளவு நேரம் ஆகாது. பிறகு முகத்தை மெல்ல நகர்த்திப் பட்டியின்மேல் வைத்தாள். மென்டெஷ் விழித்தபடி என்னைப் பார்த்தான்.

அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். "வீதா, அது கம்பளி இல்லடி."

"ஜூன் மாசம்க்கா. புள்ளைக்கு வேர்க்கும்."

"அது அம்மாவோட சப்பாத்துத் துணி. பட்டிதான் லினன்."

நான் தலையை ஆட்டினேன்.

"எத்தன நாள்ல தச்ச?"

"அஞ்சு."

"அதான் ஓரத் தையல் கோணலா இருக்கு," என்றாள். குரல் உடைந்திருந்தது.

"கண்ணாடி போட்டுட்டுப் பாரு, கோணல் எங்கன்னு தெரியும். அடுத்தது மருமகளுக்குச் சப்பாத்து ரொட்டிய மூடற துணி. நீ பூவை வெட்டு, துணிய நான் எடுத்துத் தர்றேன்."

ஜோயா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. மோதிரம் விரலில் அழுந்தி வலித்தது. கல்யாண ஆட்டம் முடிந்து விளக்கை அணைக்க ஆள் வரும்வரை நான் கையை எடுக்கவே இல்லை.