மஞ்சள் மீன் போட்ட டயர்

ஓடிச் சூடேறிய டயரில் காற்று கூடுதலாகக் காட்டும், விடிவதற்குள் பார்த்தால்தான் உண்மை தெரியும் என்பார் என் கணவர் பழமலை. அதனால் கருவேப்பிலங்குறிச்சியில் எங்கள் தெரு எழுவதற்கு முன்பே அவர் வேனின் சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் மீட்டர் வைத்துப் பார்ப்பார். குறைந்திருந்தால் கால் பம்பை மிதித்து ஏற்றுவார். மார்கழிக் குளிரிலும் பனியன் நனைந்துவிடும். டயரின் பள்ளங்களில் சிக்கிய ஜல்லியை ஸ்குரு டிரைவரால் நெம்பி எடுப்பார். கடைசியில் உள்ளங்கையால் டயரின் பக்கவாட்டைச் சுற்றிலும் தடவுவார், வெடிப்போ புடைப்போ தட்டுப்படுகிறதா என்று. நான் டீ கொண்டுபோனால் ரப்பர் நாறும் கையாலேயே வாங்கிக் குடிப்பார்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனிக்காக அவர் ஓட்டிய வேன் அது. எங்கள் ஊர்ப் பெண்கள் அதில்தான் வேலைக்குப் போனோம். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையின் பிசிறைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் தடவிச் சூளைக்கு அனுப்ப வேண்டும். குனிந்தே இருந்து கழுத்து மரத்துப்போகும். தலைமுடியிலும் புருவத்திலும் வெள்ளை மண் படிந்து, சாயங்காலம் எல்லோரும் ஒரே வயதுக் கிழவிகளாகத் தெரிவோம். சீவிய பொம்மையின் அடியில் அவரவர் அடையாளத்தை ஊசியால் கீறிவிட வேண்டும். சூளையில் வெடித்தால் யாருடையது என்று பார்த்துத் திட்டுவதற்காக. என் அடையாளம் இரண்டு கோடு. என் பக்கத்தில் உட்காரும் அமிர்தத்துக்கு மீன்.

ஆவணி மழையில் ஒருநாள் வேனின் தேய்ந்த டயர் வழுக்கி வயலோரம் போய் நின்றது. புது டயர் போடாமல் ஏற மாட்டோம் என்று எல்லோரும் நின்றுவிட்டோம். முதலாளி நான்கு புது டயர் வாங்கித் தந்தார். அந்த வருட ஆயுத பூசைக்கு அவற்றுக்கு நாங்களே சந்தனம் பூசினோம், மாலை போட்டோம், எலுமிச்சம்பழம் வைத்தோம். அட்டைப் பெட்டியில் எழுதும் மஞ்சள் பெயிண்டைத் தொட்டு, முன்சக்கரத்து டயரின் உள்பக்கம் அமிர்தம் தன் மீனை வரைந்தாள்.

"என்னாடி பண்ற?"

"நாம சண்ட போட்டு வாங்குன டயரு அக்கா. நம்ம மார்க்கு வேணாமா? வெளிய போட்டா மொதலாளி கத்துவாரு."

முதலாளி சிரித்துக்கொண்டே எங்களை டயர்களோடு சேர்த்துச் செல்போனில் படம் எடுத்தார்.

தீபாவளி முடிந்ததும் சர்வீசுக்கு என்று வேனைக் கம்பெனியிலேயே நிறுத்தச் சொன்னார்கள். மறுநாள் இருட்டிய பிறகுதான் திருப்பித் தந்தார்கள். தந்தவர் மேஸ்திரி தமிழ்மணி. என் கணவரோடு ஒரே பள்ளியில் படித்தவர். எங்கள் வீட்டில் மீன்குழம்பு என்றால் அவருக்கும் ஒரு தட்டு உண்டு. "டயருக்குலாம் பாலிஷ் போட்டு வச்சிருக்கன் மாப்ள" என்றாராம்.

விடியலில் டயரைத் தடவிய கை பாதியில் நின்றது. என் கணவர் துணியால் பாலிஷை அழுத்தித் துடைத்தார். தேய்ந்து மொட்டையான டயரில் சூட்டுக் கத்தியால் புதுப் பள்ளம் கீறியிருந்தார்கள். ஒரு பள்ளத்தின் அடியில் கம்பி எட்டிப் பார்த்தது. முதலாளிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"டயர மாத்தியிருக்கீங்க சார். இதுல ஆள ஏத்த முடியாது."

"இன்னைக்கு ஒருநாளு மெதுவா ஓட்டுப்பா."

"ஒருத்தரயும் ஏத்த மாட்டன் சார்."

"சரி, காலி வண்டியவாவது கொண்டாந்து சேரு. புதுச மாட்டித் தரேன். முடியாதுன்னா சொன்னன்?"

நிறுத்தத்தில் காத்திருந்தவர்களிடம், "டயரு சரியில்ல, எல்லாரும் பஸ்ஸுல வந்துடுங்க" என்றார் என் கணவர். முன்சீட்டில் ஏறப்போன என்னையும் இறக்கிவிட்டார். "நீ மட்டும் என்னா தனியா? போ, அவங்களோட வா."

பஸ் பாதி வழியில் நின்றது. ரோட்டில் கூட்டம். ஜன்னல் பக்கம் இருந்த அமிர்தம் என் தலையைத் தன் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவள் ஏன் அப்படிச் செய்கிறாள் என்று புரிந்த பிறகுதான் நான் திமிறிக்கொண்டு இறங்கினேன். முன் டயர் வெடித்து, வேன் புளியமரத்தில் ஏறியிருந்தது.

அடக்கத்தன்று தமிழ்மணி தூண்போல நின்றார். பந்தல் போட்டார், ஐஸ் பெட்டி பிடித்தார், என் மாமனாரைத் தாங்கிக்கொண்டு சுடுகாடு வரை நடந்தார். காரியம் முடிந்து நான் வேலைக்குப் போன அன்று முதலாளி அறைக்குக் கூப்பிட்டார். தமிழ்மணி அவர் பக்கத்தில் நின்றார்.

"வருத்தம்தாம்மா. ஆனா அது கம்பெனி வேலையில நடந்ததுன்னு சொல்ல முடியாது. ஆள ஏத்தாம காலி வண்டிய எடுத்துக்கிட்டு எங்க போனாரோ? கண்மூடித்தனமா ஓட்டியிருக்காரு."

"நீங்கதான கொண்டாரச் சொன்னீங்க சார்? நானே கேட்டன்."

"பொண்டாட்டி அப்பிடித்தான் சொல்லுவ. டயரு புதுசு, நீங்கதான மால போட்டீங்க? போட்டோவ போலீஸ்ல காட்டிட்டன். மாட்டுனது தமிழ்மணி. டயரு புதுசு, ஓட்டுனதுதான் தப்புன்னு அவரும் சொல்லிட்டாரு."

நான் தமிழ்மணியைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

வெடித்த டயரைக் காணவில்லை. ஸ்டேஷனிலிருந்து வேனை மீட்டபோதே அந்தச் சக்கரத்தைக் கழற்றிவிட்டிருந்தார்கள். செத்தவரைக் குற்றவாளியாக்க, நாங்கள் கும்பிட்டு எடுத்துக்கொண்ட படம் போதுமானதாக இருந்தது. அதன் பிறகு என்னால் தமிழ்மணி மேற்பார்வை பார்க்கும் வரிசையில் மனம் ஒப்பி உட்கார முடியவில்லை. கத்தி தவறி, பொம்மைகளின் மூக்கைச் சீவிவிட்டேன். அமிர்தம் அவற்றை எடுத்துத் தன் குவியலில் வைத்துக்கொண்டாள்.

ஒருநாள், சென்னைக்குப் பொம்மை ஏற்றிப்போன லோடு வண்டி திரும்பி வந்து, மறு லோடுக்கு நின்றது. எங்கள் வேனும் அதுவும் ஒரே மாடல் வண்டி, சக்கர அளவும் ஒன்று. அன்று பெட்டி தூக்கியவள் அமிர்தம். சிந்திய வைக்கோலை அள்ள வண்டிக்கடியில் குனிந்தவள் எழவே இல்லை.

"வாசுகி அக்கா, இங்க வா. இங்க வந்து பாரு."

சேறு காய்ந்த டயரின் உள்பக்கம் மஞ்சள் நிறத்தில் ஒரு வால் தெரிந்தது. அமிர்தம் முந்தானையில் எச்சில் தொட்டுத் துடைத்தாள். முழு மீனும் வந்தது.

சற்று நேரத்தில் கூடத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் கத்தியும் பஞ்சுமாக முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். முதலாளி வெளியே வந்தார்.

"என்னா கூட்டம்? வேலையப் பாருங்க."

"எங்க டயரு உங்க லோடு வண்டியில எப்பிடி சார் வந்துச்சு?" என்றாள் அமிர்தம்.

முதலாளி மீனைப் பார்த்தார். "நாலு நாளைக்கு மாத்திப் போட்டது. கண்ணாடி மாரி சரக்கு, வழியில குலுங்கி ஒடைஞ்சா ஆர்டரே போயிடும். உங்க வேலைக்காகத்தாம்மா பாத்தன்."

"பொம்மைய வைக்கோல்ல பொதிஞ்சு புது டயருல அனுப்புறீங்க. எங்கள மொட்ட டயருல அனுப்புறீங்க. அவரு எங்கள எறக்கிவுடலன்னா, நாங்க இத்தினி பேரும் அந்த மரத்துலதான் கெடந்திருப்போம்."

நான் தமிழ்மணியிடம் போனேன். "கம்பி தெரிஞ்ச டயர நீங்கதான மாட்டுனீங்க அண்ணே? மாட்டையில தெரியாதா உங்களுக்கு?"

"மொதலாளி சொன்னாரு வாசுகி. நான் என்னா பண்ணட்டும்? எனக்கும் புள்ளைவ இருக்குது."

"அவரு தப்பா ஓட்டுனாருன்னு சொன்னீங்களே, அது?"

அவர் முதலாளியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார். அவ்வளவு பெரிய உடம்பு அங்கே முழுவதும் மறைந்துகொண்டது. அடக்கத்தன்று அவர் விட்ட கண்ணீர் பொய் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் அதிகம் வலிக்கிறது.

"சேரா, வண்டிய எடு" என்று முதலாளி கத்தினார்.

சேரன் லோடு வண்டியின் டிரைவர், கல்யாணமாகாத பையன். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எங்களைப் பார்த்தான். வண்டி இந்த வாசலைத் தாண்டினால், திரும்பி வரும்போது வேறு டயரோடு வரும் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. என் கணவரை நிரபராதி என்று சொல்ல அந்த ஒரு டயரைத் தவிர எனக்கு வேறு எதுவும் இல்லை.

"எடுறான்னா! வேலை வேணுமா, வேணாமா?"

சேரன் இறங்கினான். சாவியை என் கையில் வைத்தான். "நாளைக்கு என்னயும் இதேதான் சொல்லுவீங்க சார், கண்ணு மண்ணு தெரியாம ஓட்டுனான்னு."

"வேற டிரைவர வரச் சொல்றன். வேலை செய்யாத ஒருத்தியும் நாளையிலேருந்து உள்ள வர முடியாது" என்று முதலாளி போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்தார்.

அமிர்தம் மீன் போட்ட சக்கரத்தில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். நான் அவளை ஒட்டி உட்கார்ந்தேன். மற்றவர்கள் அடுத்த இரண்டு சக்கரங்களை மறித்தார்கள். சேரன் போலீசுக்கும் தொழிற்சங்கத்துக்காரர்களுக்கும் போன் செய்தான். வருகிறோம் என்றார்கள். வெயில் ஏறியது. யாரும் வரவில்லை. சூளைக்காரர்கள் நெருப்பை விட்டு வர முடியாமல், வாசற்படியில் நின்று மாறி மாறி எட்டிப் பார்த்தார்கள்.

சாலையைப் பார்த்திருந்த பின்சக்கரத்துக்கு ஆள் போதவில்லை. மதியச் சங்கு ஊதியதும், பக்கத்துக் கம்பெனிப் பெண்கள் சாப்பாட்டுத் தூக்கோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவளின் பேர் எனக்குத் தெரியாது. புருவத்தில் எங்களைப் போலவே வெள்ளை மண். விஷயத்தைக் கேட்டாள். பிறகு தன் ஆட்களைப் பார்த்தாள்.

"நாமளும் வேன்லதாண்டி வரோம்" என்றாள்.

பின்சக்கரத்தருகே போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்து, தூக்கைத் திறந்து, முதல் பிடிச் சோற்றை என் பக்கம் நீட்டினாள்.