நேராக இறங்கிய கோடு

தம்பி மகனின் காதுகுத்து முடிந்த மறுநாள் காலையில் ஜெயபாரதி திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலுக்கு ஆட்டோ பிடித்தாள். தங்கதுரையின் பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட் அங்கேதான் என்று அவளுக்குத் தெரியும். திருப்பூருக்கு வரும்போதெல்லாம் போய்ப் பார்க்க நினைத்து, பார்க்காமலே பெங்களூருக்குத் திரும்பிவிடுவாள்.

இருபது வருடங்களுக்கு முன் இருவரும் பெங்களூரில் ஒரே ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர்கள். ஒரே பக்கத்து ஆட்கள் என்று தெரிந்ததும் ஒட்டிக்கொண்ட சிநேகிதம். சீரியமும் இண்டியமும் கலந்த உலோகப் படிகத்தை உலையில் வளர்ப்பது அவன் வேலை. அதைக் குளிரவைத்து மின்தடையை அளப்பது அவள் வேலை. சாதாரண உலோகமென்றால் கடுங்குளிரில் மின்தடை வளைந்து இறங்கி ஒரு மட்டத்தில் நின்றுவிடும். அவன் வளர்த்ததில் கோடு வளையவே இல்லை. எட்ட முடிந்த குளிரின் அடிவரைக்கும் நேராக இறங்கியது. அளப்பதற்காகப் படிகத்தில் அவள் கம்பி ஒட்டியதில் கோளாறு என்றார் பேராசிரியர். பிரித்துப் பிரித்து ஒட்டினார்கள். கோடு அப்படியேதான் வந்தது. அந்த வாரம் இருவருக்கும் கால் தரையில் பாவவில்லை. மறுமாதம் அப்பா பக்கவாதத்தில் விழுந்தாரென்று சொந்த ஊரான சேவூருக்குப் போன தங்கதுரை, திரும்பி வரவேயில்லை. அங்கேயே தங்கிவிட்ட ஜெயபாரதிதான் இப்போது அந்த ஆய்வகத்தை நடத்துகிறாள்.

மெஷின் சத்தத்துக்கு நடுவிலிருந்து அவன் வெளியே வந்தான். மீசை நரைத்திருந்தது.

"வாங்க பாரதி. வழி தெரிஞ்சுதுங்களா?" என்றான், நேற்றுப் பார்த்தவனைப் போல.

ஆபீஸ் அறையில் அவன் மனைவி சுபஸ்ரீ டீயை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

"நீங்க வளத்துன கல்லுல இப்ப கரண்டோட இரைச்சலை அளந்தோமுங்க," என்றாள் ஜெயபாரதி. "கரண்டு எலக்ட்ரான் எலக்ட்ரானாப் போச்சுன்னா, தகரத்துல மழை விழற மாதிரி பொட்டுப் பொட்டுன்னு கேக்கோணும். இதுல அந்தச் சத்தம் ரொம்பக் கொறைச்சல். தனித்தனியாவே அது போகலீங்க."

"அப்பறம் எப்படிப் போகுதாமா?"

"யாருக்கும் தெரியலீங்க. சண்டை போட்டுட்டு இருக்கறாங்க."

தங்கதுரை டீ கிளாஸைக் கீழே வைத்தான். "அப்ப நீங்க கம்பி ஒட்டுனது சரிதானுங்க."

இருவரும் சிரித்தார்கள். பிறகு அவள் வந்த காரியத்தைச் சொன்னாள். "கடைசித் துண்டும் தீந்துபோச்சுங்க. நீங்க எழுதி வெச்ச அளவுப்படிதான் பசங்க வளத்தறாங்க. அந்தக் கல்லு மட்டும் வரமாட்டீங்குது. அப்ப வேற என்ன பண்ணுனீங்க?"

அவன் கண்ணை மூடினான். மார்கழிக் குளிருக்கு உலையோரம் கையைச் சூடேற்றிக்கொண்டது நினைவு வந்தது. கால் ஒடிந்த நாற்காலி வந்தது. "நீங்க ஊருலிருந்து கொண்டாந்த தேங்கா ஒப்புட்ட உலை மேல வெச்சு சூடு பண்ணித் தின்னமே, அது நல்லா ஞாபகம் இருக்குதுங்க," என்றான். "கல்லுக்கு என்ன பண்ணுனேன்னு மட்டும் வரலீங்க."

"இத்தன வருஷத்துல இதப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னதில்லீங்க," என்றாள் சுபஸ்ரீ.

"சொல்லியிருந்தா மறுக்காப் போகோணும்னு தோணியிருக்கும்."

சுபஸ்ரீ காலி கிளாஸ்களை எடுத்துக்கொண்டாள். "தீபாவளிக்குக் கம்பெனி லீவுதானுங்களே. போலாம். நானும் வாறேன்."

சொன்னபடி பெங்களூருக்கு வந்தார்கள். ஜெயபாரதி முன்கூட்டியே படிகக் கலவையை அடைத்து உலையில் ஏற்றி ஆறவிட்டிருந்த குவார்ட்ஸ் குழாயைத் தங்கதுரைதான் உடைத்தான். படிகம் பழையபடியே பளபளத்தது. அவள் கம்பி ஒட்டிக் குளிரூட்டியில் இறக்கினாள். பிறகு இருவரும் திரைக்கு முன்னால் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். புள்ளி புள்ளியாகக் கோடு இறங்கியது. வெகுதூரம் நேராகவே வந்தது. அடியை நெருங்கும்போது மெல்லச் சாய்ந்தது.

"வளஞ்சிருச்சுங்க," என்றான் அவன்.

ஜெயபாரதிக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுந்திருக்க மனம் வரவில்லை. இவன் போன பிறகு எத்தனையோ பேர் இந்த நாற்காலியில் உட்கார்ந்து போனார்கள். ஒரு புள்ளிக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் யாருமில்லை.

"லீவு இன்னும் இருக்குது," என்றாள் சுபஸ்ரீ பின்னாலிருந்து.

தங்கதுரை கையுறையை மாட்டிக்கொண்டு, அடுத்த கலவையை நிறுக்கத் தராசுப் பக்கம் போனான். "ஏனுங்க பாரதி, இண்டியம் எங்க வெச்சிருக்கறீங்க?"