உங்களுக்கென்றே எடுத்த படம்

"கண்ணாடிக்காரரே, இது உங்களுக்கென்றே எடுத்த படம். வீட்டில் தனியாக உட்கார்ந்து பாருங்கள்."

எங்கள் பேய்ப்பட ரசிகர் குழுவில் இப்படி எழுதி, பக்கத்தில் ஐந்து மண்டை ஓடுகளையும் அடுக்கி வைத்தவன் நான்தான். எங்களிடம் ஐந்து மண்டை ஓடு என்றால் பயத்தில் அதற்குமேல் கிடையாது. கதையை மட்டும் சொல்லவில்லை. முதல் மூன்று நாள் கதையைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது குழுவின் ஒரே சட்டம். போன மாதம் ஒரு படத்தின் முடிவை உளறிவிட்டு ஒரு வாரம் வெளியே நிறுத்தப்பட்டவன் நான். சூடு கண்ட பூனை.

அதனால், அந்தப் படத்தில் செத்துப்போன மனைவி தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து புருஷனுக்கு எதிரே உட்காருவாள் என்பதைச் சொல்லாமல் விட்டேன்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கண்ணாடிக்காரரின் மனைவி இறந்து பத்து மாதம்தான் ஆகிறது. சாவு வீட்டில் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அவரைவிட அதிகமாக அழுதவன் நான். அவருக்கா இந்தப் படம் என்று எனக்கு உறைத்தது நான்காம் நாள், வேலையில் ஒரு லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது. போனை எடுத்துப் பார்த்தேன். அவர் குழுவை விட்டே வெளியேறியிருந்தார். ஒரு வார்த்தை இல்லை. மூன்று முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

"உங்க வாய்க்குப் பூட்டு போடலாம்னா அவ்ளோ பெரிய பூட்ட எவனும் செய்யறதில்ல" என்றாள் நடந்ததைக் கேட்ட என் மனைவி. பிறகு குரல் இறங்கியது. "தனி மனுஷன். என்ன நெலமைல இருக்காரோ. நேர்ல போய்ப் பாருங்க."

மறுநாள் காலை அவர் கடைக்கு ஓடினேன். ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. குனிந்து உள்ளே பார்த்தேன். கல்லாவுக்குப் பின்னால் அவர் நின்றிருந்தார். உயிர் வந்தது, அவருக்கில்லை, எனக்கு.

"கண்ணு மங்கலா தெரியுதுண்ணே" என்று புளுகினேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "உள்ள வா. உக்காரு."

சோதனை அறை இருட்டு. எதிர்ச்சுவரில் எழுத்துகள் மட்டும் வெளிச்சமாக இருந்தன. லென்ஸ் கருவியை இழுத்து என் முகத்தோடு ஒட்டி வைத்தார். அதன்பிறகு அவர் முகம் தெரியவில்லை. காதருகே மூச்சு மட்டும் கேட்டது.

"இது தெளிவா, அது தெளிவா?"

"அண்ணே, அந்தப் படம்..."

"இதா, அதா?"

"இதுதான். பாத்தீங்களாண்ணே?"

"கடைசி வரியப் படி."

படித்தேன். ஏதோ ஒரு கண்ணாடி 'டக்' என்று மாறி விழுந்தது.

"சத்தியமா மறந்துட்டேண்ணே. சட்டம், சட்டம்னு அதையே பாத்துட்டு..."

"தாடைய ஆட்டாத."

படத்தில் இந்த இடம் வந்தால் நான் திரையைப் பார்த்து, "எந்திரிச்சு ஓடுடா முட்டாளே!" என்று கத்துவேன். இங்கே முட்டாளுக்குக் கால் எழவில்லை.

"உன் கண்ணுல ஒண்ணுமில்ல" என்றார். "எதுக்கு வந்த?"

"நீங்க உயிரோட இருக்கீங்களான்னு பாக்க."

வாய் என்னைக் கேட்டா பேசுகிறது? சொன்னது சொன்னதுதான். அவர் விளக்கைப் போடவில்லை. பக்கத்தில் அந்த மூச்சும் நின்றுவிட்டது போலிருந்தது.

"திட்டுங்கண்ணே. நாலு அறை வேணா விடுங்க. பயந்துட்டீங்களா, கோவமா, எதுன்னாலும் சொல்லிடுங்க. இப்படிப் பேசாம மட்டும் இருக்காதீங்க."

கருவி மெல்ல விலகியது. அவர் முக்காலியில் உட்கார்ந்து, அழுக்கே இல்லாத ஒரு லென்ஸைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாத்தேன்டா. ரெண்டு தடவ பாத்தேன். மூணு நாள் முடிஞ்சதும் நம்ம ஆளுங்க, அந்தப் பொண்ண எப்படி விரட்டியிருக்கலாம்னு ஆளாளுக்கு யோசன சொல்ல ஆரம்பிச்சாங்க. தாங்கல. அதான் வெளிய வந்துட்டேன்."

"பயம்..."

"பயமும் இல்ல, உன்மேல கோவமும் இல்ல." துடைப்பதை நிறுத்தி, என்னை நேராகப் பார்த்தார். "பத்து மாசமா என் வீட்ல ஒரு ஜன்னல்கூட தானா ஆடலடா. படத்துல அவனுக்கு மட்டும் தினமும் வர்றா. பொறாமையா இருந்துச்சு."