சிதம்பரத்திலிருந்து இளவரசி

1

இந்தக் கதை எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வந்து யாரும் துருவ வேண்டாம். கடலூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. சிதம்பரம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் எழுபதை நெருங்கும் ஒருவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். (கதைகளில் வயதானவர்கள் கையில் மஞ்சள் பையைக் கொடுத்துவிடுவது நம் வழக்கம். இவர் தோளில் லேப்டாப் பை மாட்டியிருந்தார். உள்ளே மாத்திரையும் தண்ணீர் பாட்டிலும்.) பேச்சுவாக்கில் பேர் கேட்டேன்.

"ஞானசேகரன்" என்றார். "குறிஞ்சிப்பாடி ஞானசேகரன்."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தபடி நிறுத்தினார். எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடித்தேன். அவர் முகம் லேசாக வாடி, உடனே சரியானது. ரேடியோ கேட்கிற வயதில்லை உங்களுக்கு என்று அவராகவே என்னை மன்னித்தார். அப்புறம் பஸ் வரும்வரை பேசினார். பஸ்ஸும் தாமதமாக வந்து எனக்கு உதவி செய்தது.

2

தொடக்கங்கள்.

"முன்னொரு காலத்தில் குறிஞ்சிப்பாடியில் ஒரு —"

வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் நீங்கள் ஏக்கப் பெருமூச்சுக்குத் தயாராகிவிடுவீர்கள். அந்தக் காலம் பொற்காலம் என்று நான் எங்கேயும் சொல்லப்போவதில்லை.

"புகழ் என்பது மனிதனை —"

இது கட்டுரை. கட்டுரையும் வரும், ஆனால் வாசலில் நிற்காது.

"ஞானசேகரன் தபால் ஆபீசில் ஒரு கத்தை அஞ்சலட்டை வாங்கினார்."

இது நிற்கும். வாங்கினார், வீட்டுக்கு வந்தார், ஒரே உட்காரலில் எல்லாவற்றையும் எழுதினார். பாட்டின் பெயர், கீழே பேர்கள். அவர் பேர் முதலில். பிறகு பெண்டாட்டி விருத்தாம்பாள், பிறகு உறவு, பிறகு தெரு. ரேடியோவில் நேயர் விருப்பம் என்று ஒரு நேரம் உண்டு. பாட்டு போடுவதற்கு முன்னால் அதைக் கேட்டு எழுதியவர்களின் பேர்களை ஊரோடு சேர்த்து வாசிப்பார்கள்.* பாட்டு எல்லோருக்கும் பொது. பேர் மட்டும்தான் சொந்தம். ஆகவே ஜனங்கள் பாட்டை விட்டுவிட்டுப் பேரைக் கேட்டார்கள்.

* எந்த நிலையம் என்று சொல்லமாட்டேன். எந்தப் பாட்டு என்றும் சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் கதையை விட்டுவிட்டு அதை முணுமுணுக்க ஆரம்பிப்பீர்கள்.

3

வாரத்தில் நாலு தடவையாவது அவர் பேர் வந்தது. வேலை என்னவோ மின்வாரியத்தில் கணக்கு எழுதுவதுதான். ஆனால் வடலூர் தாண்டி எந்த ஊரில் போய்ப் பேரைச் சொன்னாலும், ரேடியோவில் வருகிற ஞானசேகரனா என்று நாற்காலி எடுத்துப் போட்டார்கள். அண்ணாகிராமத்தில் முந்திரித் தோப்பு வைத்திருந்த விருத்தாம்பாளின் அப்பா, மாப்பிள்ளை வீட்டைப் பற்றி வேறெதையும் விசாரிக்காமல் பெண் கொடுத்தார். தினமும் காதில் விழுகிற பேருக்கு என்ன விசாரணை?

அவருடைய பட்டியலில் இடம்பிடிக்க ஊர் அலைந்தது. பலாப்பழம் வந்தது, மீன் வந்தது. அந்தோணிசாமி என்ற தபால்காரர், தன் பேரையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டு, கார்டுகளைப் பெட்டியில் போடவிடாமல் கையிலேயே வாங்கிக்கொண்டு போனார். சண்டை போட்டவர்களின் பேரை ஞானசேகரன் அடுத்த கார்டில் எடுத்துவிடுவார். இருபது நாளோ ஒரு மாதமோ கழித்து ரேடியோவில் பேர் வராதபோதுதான் தாங்கள் சண்டைக்காரர்கள் என்பதே அவர்களுக்குத் தெரியும்.

(இந்த இடத்தில் கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

எல்லாக் காலத்திலும் ஊருக்கு ஒரு கிறுக்கு பிடித்திருக்கிறது. நாடகக் கொட்டகை இருந்த நாளில் ராஜபார்ட் நடிகர் எப்படி முடி வைத்தாரோ அப்படி முடி வளர்த்துக்கொண்டு கடலூர் வாலிபர்கள் அலைந்தார்கள். கொட்டகை போயிற்று, முடியையும் வெட்டிக்கொண்டார்கள். வாடகைக்கு வீடியோ டெக் எடுத்து விடிய விடிய மூன்று படம் போட்டவன் தெருவுக்கு ராஜாவாக இருந்தான். அப்புறம் ஃப்ளெக்ஸ் வந்தது. காதுகுத்துக்கும் கருமாதிக்கும் நாற்பது முகம். இப்போது ரீல்ஸ். ஒவ்வொருத்தரும் தன் கிறுக்குதான் கடைசிக் கிறுக்கு என்று நம்பினார்கள். நானும் கதை எழுதுகிறவன் என்ற முறையில் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

ஆனால் மற்றவர்களின் புகழை அடுத்து வந்தது அடித்துக்கொண்டு போயிற்று. ஞானசேகரன் விஷயம் அப்படியில்லை. டிவி வருவதற்கு முன்னாலேயே அவர் பேர் நின்றுபோனது. ஒரே நாளில்.

4

அவருக்கு ஒரு தங்கை. இளவரசி. சிதம்பரத்தில் பாலகுமாருக்குக் கட்டிக்கொடுத்திருந்தது. பாலகுமார் கீழவீதியில் மருந்துக்கடை வைத்திருந்தவர். மச்சானின் ரேடியோ பைத்தியத்தைப் பார்த்துச் சிரித்தாலும், தன் பேர் வருகிற நேரத்தில் கடையில் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவைப்பவர். ஒரு பெண் குழந்தை, சத்யப்பிரியா. அதற்கு மூன்று வயதாக இருக்கும்போது இளவரசிக்கு மஞ்சள் காமாலை வந்தது. என்னவென்று புரிவதற்குள் போய்விட்டாள்.

கருமாதி அன்று பந்தலில் இலை போட்டிருந்தது. தெருமுனை டீக்கடையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் அதை நிறுத்தத் தோன்றவில்லை. நேயர் விருப்பம் வந்தது. அறிவிப்பாளர், சிரிப்பை உள்ளே வைத்துப் பேசுகிற அந்தக் குரலில், சிதம்பரத்திலிருந்து இளவரசி விரும்பிக் கேட்ட பாடல் என்றார். அடுத்து, கல்யாணங்களில் போட்டு ஆடுவதற்கென்றே எடுத்த ஒரு பாட்டு.

பந்தல் முழுக்க ஞானசேகரனைத் திரும்பிப் பார்த்தது. வேறு யாரைப் பார்க்கும்? பேர் அனுப்புகிறவர் அவர் ஒருத்தர்தானே. பாலகுமார் இலையைவிட்டு எழுந்தார்.

"செத்தவளயும் உன் லிஸ்ட்டுல சேத்துட்டியா மச்சான்?"

அவ்வளவுதான் கேட்டார். அன்றிலிருந்து இன்றுவரை இரண்டு பேருக்கும் பேச்சில்லை. ஞானசேகரன் அதற்கப்புறம் ஒரு கார்டுகூட எழுதவில்லை. சத்யப்பிரியாவின் கல்யாணத்தில் ஒன்றுவிட்ட மாமன் ஒருவரை நிறுத்தித் தாய்மாமன் சீரை முடித்துக்கொண்டார்கள். சொந்தத் தாய்மாமன் அன்றைக்குக் குறிஞ்சிப்பாடியில், வீட்டிலேயே இருந்தார்.

5

டீக்கடையில் அவர் இதுவரைக்கும்தான் சொன்னார். சிதம்பரம் பஸ் வந்தது, நான் ஏறிக்கொண்டேன். இனி நடப்பதற்கெல்லாம் நானே பொறுப்பு.

எனக்கு ஒரு சந்தேகம். ரேடியோவுக்குக் கார்டு போய்ச் சேர்ந்து, கட்டுக்குள் கிடந்து, வாசிக்கப்பட ஒரு மாதம்கூட ஆகும். அவள் நோயில் படுப்பதற்கு முன்பே அனுப்பிய கார்டு அது என்று அவர் பந்தலிலேயே சொல்லியிருக்கலாமே? ஒரே வரி. ஏன் சொல்லவில்லை?

முதல் பிரதியில், ரோஷம் என்று எழுதினேன். "ஞானசேகரனுக்குக் கோபம் தலைக்கேறி —" அடித்துவிட்டேன். தங்கையைப் பறிகொடுத்தவனுக்குப் பதினாறாம் நாளில் ரோஷம் இருக்காது. இரண்டாவது பிரதியில், சொன்னார், யாரும் நம்பவில்லை என்று வைத்தேன். சுலபமாக இருந்தது. சுலபமாக இருந்ததால் அதுவும் போயிற்று.

மூன்றாவதாக இதை வைத்திருக்கிறேன். நான் கொடுக்கிற காரணம்தான், ஆனால் இதன்மேல் கையடித்துச் சொல்வேன்.

அந்த வருஷம் தைப்பூசத்துக்கு வடலூர் வந்த இளவரசி, அப்படியே அண்ணன் வீட்டில் தங்கினாள். அண்ணன் கார்டு எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டியலில் அவள் பேர் எப்போதும் எட்டாவதோ ஒன்பதாவதோ, "சிதம்பரம் பாலகுமார் – இளவரசி" என்று. அவள் கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணே, ஒரே ஒரு தபா என் பேர தனியா போடேன். உன் பேரும் வேணாம், அவுரு பேரும் வேணாம். கேட்டுப் பாக்கணும்."

அவருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கட்டிய பெண் புருஷன் பேர் இல்லாமல் தன் பேரை மட்டும் ஊர் கேட்கச் சொல்வதா என்று அந்தக் காலத்து மூளை கொஞ்சம் முரண்டியது. அப்புறம் எழுதினார். அவர் எழுதியதிலேயே ஒரு பேர் மட்டும் இருந்த கார்டு அது ஒன்றுதான்.

இப்போது பந்தலுக்குத் திரும்பிப் பாருங்கள். உண்மையைச் சொன்னால் அவர் தப்பித்துக்கொள்வார். ஆனால், "உன் பேர் வேண்டாம் என்று அவள்தான் கேட்டாள்" என்பதைப் பெண்டாட்டி செத்துப் பதினாறாம் நாள் புருஷனிடம் எப்படிச் சொல்வது? இருநூறு பேர் நடுவில்? அவளைக் காட்டிக்கொடுக்க அவருக்கு வாய் வரவில்லை. பேர்ப் பைத்தியம் என்ற கெட்ட பேரை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போன இடம் இதுதான்.

6

இந்த வருஷம். சத்யப்பிரியாவின் மகளுக்குச் சிதம்பரத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்று ஞானசேகரன் காதுக்கு வந்தது. பத்திரிகையில் தன் பேர் வருமா? உங்களுக்கே தெரியும், நம் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகையில் பேர் விட்டுப்போனால் தலைமுறைக்கும் மனஸ்தாபம். ஒரு காலத்தில் தமிழ்நாடே கேட்ட பேர், இப்போது மடக்கிய ஒரு அட்டையின் மூலையில் ஒரு வரிக்காக ஏங்கியது. தூக்கமில்லை. எதற்கு இப்படி அடித்துக்கொள்கிறீர்கள் என்று விருத்தாம்பாள் திட்டினாள். பேருக்காக இல்லை, பேத்தி கல்யாணத்தில் இளவரசிக்கு அண்ணன் என்று ஒருத்தன் இருந்தான் என்று தெரிய வேண்டாமா என்றார் அவர். இரண்டும் உண்மைதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் வெள்ளைக் கார் வந்து நின்றது. சத்யப்பிரியா மட்டும் இறங்கினாள். முகம் அப்படியே இளவரசி. (இதை எழுதாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் அதைத்தானே முதலில் பார்த்திருப்பார்.) விருத்தாம்பாள் அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்து கூடத்தில் உட்காரவைத்தாள். வாசல் கதவு திறந்தபடி கிடந்தது.

தட்டில் வைத்துக் கொடுத்த பத்திரிகையை ஞானசேகரன் நின்றபடியே மேலிருந்து கீழே படித்தார். அந்தக் காலத்துப் பழக்கம், ஒரு பேர் விடாமல் படிப்பது. பாலகுமார் பேர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில் அமரர் இளவரசி. அவர் பேர் இல்லை.

"அப்பா போட வேணாம்னுட்டாரு மாமா" என்றாள் சத்யப்பிரியா. "நானும் மேல மேல பேசல. ஆனா வந்து வெக்காம இருக்க முடியல. அப்பாவும் வந்துருக்காரு, வண்டியிலயே இருக்கேன்னுட்டாரு."

அவர் பரவாயில்லை என்று சொல்லப் பார்த்தார். அதற்குள் அவள் கேட்டாள்.

"எங்கம்மா பேர வீட்டுல யாரும் சொல்லி நான் கேட்டதே இல்ல. கடைசியா அன்னிக்கு ரேடியோவுல வந்துச்சாமே. எப்பிடி சொன்னாங்க மாமா? அப்பிடியே சொல்லிக் காட்டுங்க."

ஞானசேகரனுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்த அறிவிப்பை யாராவது கேட்பார்கள் என்று அவர் நினைத்ததே இல்லை.

"தனியாதாம்மா சொன்னாங்க. அவ பேர மட்டும்."

"அப்பா பேரு?"

"இல்லம்மா. அவதான் அப்பிடி போடச் சொன்னா."

சத்யப்பிரியா வாசல் பக்கம் ஒரு முறை பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, சொல்லுங்க என்றாள்.

7

இரண்டு முடிவுகளையும் எழுதிப் பார்த்துவிட்டேன்.

ஒன்றில், அவர் அறிவிப்பாளரின் குரலிலேயே, தெருவுக்குக் கேட்கச் சொல்கிறார். கார் கண்ணாடி இறங்குகிறது, என்ன அது என்று பாலகுமார் கேட்க, அம்மாதான் தன் பேரை மட்டும் போடச் சொன்னாளாம் என்று சத்யப்பிரியா சொல்லவேண்டி வருகிறது. பாலகுமாருக்கு எல்லாம் புரிகிறது. மச்சான் குற்றமற்றவர் என்பது புரிகிறது. தன் பெண்டாட்டி ஒரு தடவையாவது தன் பேர் ஒட்டாமல் இருக்க ஆசைப்பட்டாள் என்பதும் புரிகிறது. எழுபத்தைந்து வயதில் அதைச் சுமந்துகொண்டுதான் அவர் பேத்தியின் கல்யாணப் பந்தலுக்குப் போகவேண்டும்.

இன்னொன்றில், சத்யப்பிரியாவின் காதுக்கு மட்டும் எட்டும்படி சொல்கிறார். அவளுக்கு அம்மாவின் பேர் கிடைத்துவிடுகிறது. கார் கிளம்பிப் போகிறது. பாலகுமார் சாகும்வரை அவர் கண்ணுக்கு ஞானசேகரன் பேர்ப் பைத்தியமாகவே இருக்கிறார். பந்தலில் காப்பாற்றியதை இங்கேயும் காப்பாற்றிவிடுகிறார், அவ்வளவுதான் அவருக்கு லாபம்.

எது சரி என்று எனக்குத் தெரியும். உங்களிடம் சொல்லமாட்டேன், சொன்னால் இளவரசி என் தங்கையாகிவிடுவாள், உங்கள் தங்கையாக இருக்கமாட்டாள். அதனால் எல்லாவற்றையும் இருந்த இடத்தில் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். விருத்தாம்பாள் சமையலறையில் மிக்ஸியை நிறுத்திவிட்டு வந்து நிலைப்படியில் நிற்கிறாள். காரில் இருப்பவர் ஏசியை அணைத்துவிட்டார், வெயிலுக்குக் கண்ணாடியை இறக்கத்தான் வேண்டும். ஞானசேகரன் நிமிர்ந்து நின்று தொண்டையைச் சரிசெய்துகொள்கிறார். அவர் சொல்லப்போகிற வாக்கியம் உங்களுக்குத் தெரிந்ததுதான், சிதம்பரத்திலிருந்து என்று ஆரம்பிக்கும். அவருக்குப் பதிலாக நீங்கள் வாய்விட்டுச் சொல்லுங்கள். கார் பத்தடி தூரத்தில் நிற்கிறது. எவ்வளவு சத்தமாகச் சொல்வது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.